காபி டப்பாவில் பியோனிப் பூக்கள்

நார்வுட், கான்சாஸ்
11 மார்ச் 2018, ஞாயிறு

அன்புள்ள கொரீனுக்கு,

நானும் வெர்னனும் சுகம். நீயும் டெஸ்ஸாக் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும் என்று இன்று காலை ஆராதனையில் பெயர் சொல்லியே ஜெபித்தேன். போதகர் வெளியே வந்ததும், "யாரும்மா அந்த கொரீன், உடம்பு முடியாதவங்களா?" என்று கேட்டார். "என் தம்பி பெண்டாட்டி, நரம்பு வியாதி, கொலராடோல இருக்கா"ன்னு சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. குடும்ப விஷயத்தை வாசலில் போட்டு உடைக்கிற வழக்கம் எனக்கு இல்லை.

டேரல் போய் இந்த மே மாதத்தோடு இரண்டு வருஷம் ஆகிறது. போன வருஷம் மே கடைசியில், ஊரே கல்லறைக்குப் பூ கொண்டுபோகிற நினைவு நாளுக்கு நீங்கள் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில் எல்லார் வீட்டுக் கல்லுக்கும் பூ இருந்தது, என் தம்பி கல்லுக்கு மட்டும் நான் வைத்தது ஒன்றுதான். டெஸ்ஸா அவனுக்கு ஒரே பிள்ளை, எனக்கும் வெர்னனுக்கும் அதுவும் இல்லை. இந்த வருஷம் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தே ஆக வேண்டும்.

அம்மாவின் பியோனிச் செடி ஆலங்கட்டி மழையில் அழிந்துவிட்டது. டேரல் அதிலிருந்து கிழங்கு தோண்டிக்கொண்டு போய் உங்கள் வீட்டுக்குப் பின்னால் நட்டானே, அது பூக்கிறதா? அம்மா செய்தது போலவே காபி டப்பாவில் ஈயத்தாள் சுற்றிக் கொண்டு வா. கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூவை வைக்கிறவர்களை எங்கள் ஊரில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உனக்குத் தெரியும்.

வெர்னனுக்குக் கை விரல் எல்லாம் முடக்குவாதத்தில் மடங்கிவிட்டது. உங்கள் பக்கத்தில் ஏதோ களிம்பு விற்கிறார்களாமே, நீ போகிற அந்தக் கடையில். சும்மாதான் கேட்டேன்.

ஆண்டவர் உன்னைக் காப்பாராக.
லோர்னா

*

பியூப்லோ, கொலராடோ
24 மார்ச் 2018

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

இங்கே டெஸ்ஸா சுகம், நான் சுகம் மாதிரி. காலையில் கால் இரண்டும் மரக்கட்டையாக இருக்கும், எட்டு மணிக்கு மேல் மனிதக் காலாக மாறும். பள்ளிக்கூடச் சமையலறையில் நான் இன்னும் வேலையில்தான் இருக்கிறேன். பிள்ளைகள் "கொரீன் ஆன்ட்டி போடுற மிளகாய்க் குழம்புதான் வேணும்"னு வரிசையில் அடித்துக்கொள்கிறார்கள். வெர்னன் அண்ணன் கையை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

நீங்கள் சும்மா கேட்டதற்கு நானும் சும்மாவே பதில் சொல்லிவிடுகிறேன். களிம்பு உண்டு, நானும் காலுக்குப் போடுகிறேன், நன்றாகவும் கேட்கும். அதில் இருப்பது கஞ்சா. இங்கே என் நரம்பு டாக்டர் எழுதிக் கொடுக்கிறார், அரசாங்கம் சிவப்பு அட்டை தருகிறது. கடையில் இருக்கிற பெண், "ராத்திரி படுக்கப் போறப்போ நாக்குக்கு அடியில நாலு சொட்டு விடுங்க, மறக்காதீங்க" என்று தாய் மாதிரி சொல்லி அனுப்புகிறாள். அதே புட்டியை எடுத்துக்கொண்டு ஐம்பதாம் நம்பர் சாலையில் கிழக்கே வந்தால், கான்சாஸ் வரவேற்புப் பலகையைத் தாண்டிய நொடியில் நான் கடத்தல்காரி. ஓட்டுநர் உரிமம் ஐம்பது மாநிலத்திலும் செல்லும். கல்யாணம் செய்துகொண்டால் அதுவும் செல்லும். இந்த அட்டை மட்டும் எல்லையோடு செத்துப்போகும். நெவாடாக்காரன் வெளியூர் அட்டைக்கும் மருந்து கொடுப்பானாம். நெப்ராஸ்காக்காரன் அபராதத்தோடு விட்டுவிடுவானாம். உங்கள் ஆட்கள் கைவிலங்கு மாட்டுவார்கள். வியாதிக்கு மட்டும் எந்த எல்லையும் தெரிவதில்லை.

ஆகவே நினைவு நாளுக்குக் கட்டாயம் வருகிறேன், மருந்து இல்லாமல் வருகிறேன். நாலு நாள் பல்லைக் கடித்துக்கொண்டால் போயிற்று. களிம்பைக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். பியோனி முளை விட்டிருக்கிறது, டெஸ்ஸா தினமும் போய் விரலால் அளக்கிறாள்.

எல்லாருக்கும் என் அன்பு.
கொரீன்

*

நார்வுட்
15 ஏப்ரல் 2018, ஞாயிறு

அன்புள்ள கொரீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருக்கிறோம். வெர்னனால் இப்போது சட்டைப் பொத்தானே போட முடியவில்லை. நான்தான் போட்டுவிடுகிறேன். தானியக் கிடங்கில் கூட வேலை பார்க்கிறவர்கள் முன்னால் ஒரு நாள் பொத்தான் அவிழ்ந்துவிட்டது. அப்படியே திறந்த மார்போடு வீட்டுக்கு வந்து காரிலேயே உட்கார்ந்திருந்தார். "உள்ள வாங்களேன்"னு கூப்பிட்டேன். "கதவைத் திறந்து விடுடி, கைப்பிடி பிடிக்க வரல"ன்னார். அந்தக் குரலை நீ கேட்டிருந்தால் இப்படிச் சட்டம் பேசியிருக்க மாட்டாய்.

நான் அந்தப் பொருளை வெறுக்கிறவள், உனக்குத் தெரியும். ஆனாலும் கேட்கிறேன், ஒரே ஒரு டப்பி. நினைவு நாளுக்கு எல்லாருமே பூவோடுதான் சாலையில் போவார்கள். செத்தவர்களுக்குக் கொண்டு போகிற பூவை எந்த மனிதன் கிளறப் போகிறான்? மூன்று டப்பா கொண்டு வா, அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, டேரலுக்கு ஒன்று. ஈயத்தாள் மேல் பெயர் எழுதிவிடு, மாறிப்போகக் கூடாது. டேரல் டப்பாவில் அடியில் வை. வெர்னனிடம் சொல்லாதே, அவருக்குத் தெரியாமல் கொடுத்து ஆச்சரியப்படுத்தலாம்.

மாடி அறைக்கு மஞ்சள் திரை தைத்துக்கொண்டிருக்கிறேன். டெஸ்ஸாவின் ஷூ அளவு என்ன? கவுன் அளவும் எழுது. குளிர்கால கோட் கையோடு இருக்கிறதா, சின்னதாகிவிட்டதா?

ஆண்டவர் காப்பாராக.
லோர்னா

*

பியூப்லோ
9 மே 2018

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருக்க வேண்டும்.

மூன்று வாரமாக இந்தப் பதிலை எழுதாமல் தள்ளிப் போட்டேன். கார்க் கதவைத் திறக்க முடியாமல் அண்ணன் உட்கார்ந்திருந்தது மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. எனக்கும் அப்படி ஒரு நாள் இருந்தது. டேரல்தான் வந்து திறந்தார், சிரித்துக்கொண்டே, "ராணி இறங்கலாம்"னு சொன்னார். சரி, ஒரே ஒரு டப்பி. என் சொட்டு மருந்தை இங்கேயே வைத்துவிட்டு வருகிறேன், இது அண்ணனுக்கு மட்டும்.

பூவுக்கு அடியில் கஞ்சாவை ஒளித்துக்கொண்டு போகிற கைம்பெண் என்று நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. டேரல் இருந்திருந்தால் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்திருப்பார்.

ஷூ பன்னிரண்டு, கவுன் ஏழு வயசு அளவு. கோட் எதற்கு அக்கா, மே மாதத்தில்? நாலு நாளில் திரும்பிவிடுவோமே. டெஸ்ஸா உங்கள் கோழிகளுக்கு இப்போதே பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள்.

நேரில் பார்க்கலாம்.
கொரீன்

*

நார்வுட்
10 ஜூன் 2018, ஞாயிறு

கொரீனுக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் மூவரும் சுகம்.

ஜாமீனில் வெளியே வந்ததும் நீ நேராக ஊருக்குப் போய்விட்டாய் என்று கேள்விப்பட்டேன். குழந்தையைப் பார்க்கக் கூடாது என்ற உத்தரவு நீதிபதி போட்டது, நான் போட்டதல்ல. நடந்ததை நினைத்து நான் அழாத நாளில்லை. ஆனால் ஆண்டவர் எதையும் காரணமில்லாமல் செய்ய மாட்டார். பக்கத்தில் நாங்கள் இருந்தது எவ்வளவு நல்லதாகப் போயிற்று பார். இல்லாவிட்டால் முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் அல்லவா கொண்டு போய் விட்டிருப்பார்கள்?

டெஸ்ஸா முதல் வாரம் சாப்பிடவில்லை. இப்போது என் பீராக் பன்னில் இருக்கிற கறியை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு முட்டைக்கோசைத் தட்டோரம் ஒதுக்குகிறாள், அப்படியே டேரல்தான். மஞ்சள் திரை அவளுக்குப் பிடித்திருக்கிறது. ஷூ சரியாக இருக்கிறது.

போன் பேச வேண்டாம் என்று குழந்தைகள் நலத்துறை அம்மா சொல்லியிருக்கிறார், டெஸ்ஸா அழுகிறாள் என்பதால். கடிதம் எழுது, பொருத்தமானதை நான் படித்துக் காட்டுகிறேன்.

லோர்னா

*

பியூப்லோ
17 ஜூன் 2018

லோர்னா அக்காவுக்கு,

என் உடம்பை விசாரித்ததற்கு நன்றி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், நீங்கள் அங்கே இல்லையே.

எல்லை தாண்டிப் பத்து மைல்கூட இருக்காது. ஒரு போலீஸ்காரன் பின்னால் விளக்குப் போட்டான். வேகமாகப் போகவில்லை, நான் எப்போதுமே மெதுவாகத்தான் ஓட்டுவேன், என் கால் என் கையில் இல்லாததால். துணை ஷெரீப், வயசு முப்பது இருக்கும்.

"எங்கம்மா போறீங்க?"

"என் புருஷன் கல்லறைக்கு."

தொப்பியைக் கழற்றினான், அக்கா. "ரொம்ப வருத்தமா இருக்கும்மா"ன்னான். பிறகு என் கைப்பையைக் கேட்கவில்லை. டிக்கியைத் திறக்கச் சொல்லவில்லை. சீட்டுக்கு அடியில் குனிந்து பார்க்கவில்லை. பின்சீட்டில் டெஸ்ஸா பக்கத்தில் மூன்று டப்பா இருந்தது. தலையை உள்ளே விட்டு மூன்றையும் படித்தான். "அந்த டேரல்னு எழுதியிருக்கிற டப்பாவை மட்டும் இப்படிக் குடு பாப்பா"ன்னான்.

டெஸ்ஸாதான் எடுத்துக் கொடுத்தாள். "பார்த்து, தண்ணி சிந்திடும், அது அப்பாவுது"ன்னு சொல்லிக் கொடுத்தாள்.

பூவைச் சாலையோரம் போட்டான். குழந்தை காரில் இருந்ததால் குற்றம் பெரிதாகிவிட்டது என்றான். அவளை என்னிடமிருந்து பிரிக்கும்போது என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒரு பெண் போலீஸ் பிரித்தாள், ரொம்ப மென்மையாக.

நீதிபதி சொல்லிவிட்டார். மாதம் ஒரு சிறுநீர்ச் சோதனை, ஆறு மாதம் சுத்தமாக இருக்க வேண்டும், அதன் பிறகு குழந்தையைப் பற்றிப் பேசலாம். "எங்க மாநிலத்துல இது மருந்து"ன்னேன். "இது எங்க மாநிலம்மா"ன்னார். மருந்தை அன்றே நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் எனக்கு ஒரே ஒரு கேள்விதான்.

மூன்று டப்பாவில் அந்த டப்பாதான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

கொரீன்

*

நார்வுட்
22 ஜூலை 2018, ஞாயிறு

கொரீனுக்கு,

சுகம்தானே? கோதுமை அறுவடையில் மூச்சு விட நேரமில்லை, அதனால்தான் பதில் தாமதம். கிடங்கு வாசலில் லாரி வரிசை நெடுஞ்சாலை வரை நின்றது. இந்த வருஷம் விளைச்சல் சுமார், விலை அதைவிடச் சுமார். வெயில் நூறைத் தாண்டிவிட்டது. அங்கே எப்படி?

டெஸ்ஸா விடுமுறை வேதப் பள்ளியில் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கினாள். நன்றி சொல்லி ஜெபிக்கச் சொன்னபோது என்ன சொன்னாள் தெரியுமா? "அத்தை வீட்டுக் கோழிக்காக நன்றி"ன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொரீன், எனக்கு நாற்பத்தொன்பது வயசு. என்னை ஒரு குழந்தை கூட்டத்தில் உறவு சொல்லிப் பேசியது இதுதான் முதல் தடவை.

நீ மருந்தை விட்டது நல்லது. அதை மருந்து என்று சொல்வதையும் விட்டுவிட்டால் இன்னும் நல்லது. தம்பி இருந்தபோதே நான் சொன்னேன், அவன் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் ஆகஸ்டில் திறக்கிறது, இங்கேயே சேர்த்துவிடுகிறோம். படிப்பு கெடக் கூடாதல்லவா?

உன் கடிதத்தில் மற்ற விஷயங்கள் எனக்குப் புரியவில்லை.

லோர்னா

*

பியூப்லோ
30 செப்டம்பர் 2018

அக்காவுக்கு,

நலமா?

மூன்று சோதனையும் சுத்தம். சீட்டு நீதிமன்றத்துக்கே நேராகப் போகிறது.

பள்ளிக்கூடச் சமையலறையில் போன மாதம் கொதிக்கிற குழம்புப் பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டேன். நல்லவேளை, யார் மேலும் படவில்லை. "கொஞ்ச நாள் வீட்ல இருங்க கொரீன்"னு சொன்னார்கள். கொஞ்ச நாள் என்றால் என்ன என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. டாக்டர் வேறு மாத்திரை கொடுத்தார், அதில் நாள் முழுக்கத் தூக்கம், இறுக்கம் அப்படியே இருக்கிறது. ராத்திரியில் கால் தானாக உதைத்துக்கொள்கிறது. "மறுபடி சொட்டு எடும்மா, என் கண் முன்னால இப்படிக் கிடக்காத"ன்னு டாக்டர் சொல்கிறார். டிசம்பர் வரைக்கும் தாங்கிவிடுவேன்.

இந்த எழுத்தை எழுதக் காலையிலிருந்து ஆகிறது. டெஸ்ஸாவை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். என்ன வேண்டுமானாலும் எழுதட்டும், கோழியைப் பற்றி எழுதினால் போதும்.

கொரீன்

*

நார்வுட்
28 அக்டோபர் 2018, ஞாயிறு

கொரீனுக்கு,

உன் கடிதத்தைப் பார்த்துப் பயந்துபோனேன். எழுத்தா அது? பாதி வரி எனக்குப் புரியவே இல்லை. வெர்னனிடம் காட்டினேன், அவர் எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். பாவம் நீ.

நலத்துறை அம்மா விசாரிக்க வந்தபோது அந்தக் கடிதத்தை அவரிடமும் காட்டினேன். மறைப்பது தப்பல்லவா? "இவங்களால குழந்தைக்கு ஜடை பின்ன முடியுமா, ஷூ லேஸ் கட்டிவிட முடியுமா?"ன்னு அவரே கேட்டார். நான் என்ன பதில் சொல்வது, பார்க்கிறவர்களுக்கே தெரிகிறதே. உங்கள் ஊரிலும் ஒருவரை அனுப்பி வீட்டைப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்களாம். வாசல் படிக்குக் கைப்பிடி இருக்கிறதா? இல்லாவிட்டால் உடனே போட்டுவிடு, உன் நல்லதுக்குச் சொல்கிறேன்.

டெஸ்ஸாவிடம் எழுதச் சொன்னேன். பென்சிலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கட்டாயப்படுத்தக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

வருகிற விசாரணைக்கு உன்னால் வர முடியாவிட்டால் பரவாயில்லை, எல்லாரும் புரிந்துகொள்வார்கள்.

லோர்னா

*

பியூப்லோ
16 டிசம்பர் 2018

லோர்னா அக்காவுக்கு,

இதை எழுதுவது பக்கத்து வீட்டு பெனிடா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். நடுவில் அவள் தன் சொந்த வசவையும் சேர்ப்பேன் என்றாள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நான் வந்தேன், பார்த்தீர்கள். பெனிடாவின் கணவர் ஓட்டிக்கொண்டு வந்தார். நீதிபதி என் ஆறு சீட்டையும் புரட்டிப் பார்த்தார். "நல்லா செஞ்சிருக்கீங்கம்மா"ன்னு பாராட்டினார். பாராட்டிய அதே வாயால், "ஆனா இந்த உடம்போட ஏழு வயசுக் குழந்தையைத் தனியா எப்படிப் பார்த்துப்பீங்க?"ன்னார். நான் சொன்னேன், "அந்த மருந்து இருந்தா பார்த்துப்பேன், ஐயா. ரெண்டு வருஷம் தனியாத்தான் பார்த்தேன்." "அது சட்டவிரோதம்"னார். அவ்வளவுதான். மருந்து எடுத்தால் உங்கள் மாநிலத்தில் நான் குற்றவாளி, எடுக்காவிட்டால் முடமானவள். இரண்டு பேருக்குமே குழந்தை கிடையாது. பொறுப்பை உங்களுக்கே எழுதிவிட்டார்கள்.

வெர்னன் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், இரண்டு கையையும் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு. "அந்தக் களிம்பு எனக்காக வந்தது"ன்னு ஒரு வார்த்தை சொல்வார் என்று கடைசி வரைக்கும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டெஸ்ஸா தாழ்வாரத்தில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என் சக்கர நாற்காலியைப் பார்த்து உங்கள் பின்னால் ஒதுங்கினாள். அதற்கு நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் விட்டுப் போன அம்மா நடந்துகொண்டிருந்தாள்.

அந்த டப்பாவைப் பற்றி ஜூனில் கேட்டேன், நீங்கள் கோதுமை விலையைச் சொன்னீர்கள். இனிமேல் கேட்கப் போவதில்லை. ஷெரீப்புக்குப் போன் செய்தது நீங்கள். மார்ச் மாதம் ஜெபத்தில் என் பெயரைச் சொன்னபோதே முடிவு செய்துவிட்டீர்கள், திரைத் துணியும் அப்போதே வாங்கியிருப்பீர்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை. என்றைக்காவது மன்னிப்பேன் என்று தூங்குவதற்கு முன்னால் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நேற்றிலிருந்து மறுபடி சொட்டு எடுக்க ஆரம்பித்துவிட்டேன். சுத்தமாக இருக்க இனி எனக்கு எந்தக் காரணமும் இல்லை. கீழே கையெழுத்து மட்டும் நானே போடுகிறேன்.

கொரீன்

*

தானியக் கிடங்கு அலுவலகம், நார்வுட்
9 ஏப்ரல் 2019

தங்கச்சி கொரீனுக்கு,

வெர்னன் எழுதிக்கொண்டது. நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது? கடிதம் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இது லோர்னாவுக்குத் தெரியாது. பதிலை வீட்டுக்குப் போடாதே, மேலே இருக்கிற கிடங்கு விலாசத்துக்குப் போடு.

ஒரு சந்தேகம் கேட்கத்தான் எழுதுகிறேன். ஓக்லஹோமாவில் போன கோடையில் ஓட்டுப் போட்டு இந்த மருந்துக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். அங்கே கைமனில் என் சித்தப்பா மகன் ராய்ஸ் அட்டை வாங்கியிருக்கிறான். முதுகு வலிக்காக. இங்கிருந்து தெற்கே ரொம்ப தூரமில்லை. ஜனவரியில் போனபோது எனக்கு ஒரு டப்பி கொடுத்தான். மேற்கே போனாலும் மருந்து, தெற்கே போனாலும் மருந்து, நடுவில் நம் ஊர்தான் இப்படி. குதிரைக்குப் போடுகிற களிம்பு என்று லோர்னாவிடம் சொன்னேன். எங்களிடம் கன்று உண்டு, குதிரை இல்லை. அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

கை நன்றாக விரிகிறது. இன்று போட்டிருக்கிற சட்டைக்கு நானே பொத்தான் போட்டேன். ஆனால் என் கையால் என் கைக்கே தேய்க்க வரவில்லை. டெஸ்ஸாதான் ராத்திரி தேய்த்துவிடுகிறாள். முதல் நாள் மூடியைத் திறந்ததும் மூக்கை வைத்து, "மாமா, இது எங்கம்மா வாசனை"ன்னாள். லோர்னா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், காதில் விழவில்லை. தேய்த்து முடித்ததும் பிள்ளை கையைக் கழுவ மாட்டாள். கன்னத்துக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிடுவாள். வந்ததிலிருந்து படுக்கையை நனைத்துக்கொண்டிருந்தாள், அது இப்போது நின்றுவிட்டது.

கேட்க வந்தது இதுதான். ஒரு நாளைக்கு எத்தனை வேளை போடலாம்? ராய்ஸுக்குத் தெரியவில்லை. உனக்கு அனுபவம் உண்டு.

கோர்ட்டில் நீ என்னைப் பார்த்தாய். எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் இந்த வீட்டில்தானே சாப்பிட வேண்டும்.

வெர்னன்

*

பியூப்லோ
20 ஏப்ரல் 2019

வெர்னன் அண்ணனுக்கு,

என் உடம்பு பரவாயில்லை. மருந்து எடுக்கிறேன், வீட்டுக்குள் தடி பிடித்து நடக்கிறேன். இந்தக் கடிதம் என் கையெழுத்தில்தான் இருக்கிறது, பாருங்கள்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சுவர் தாண்டிக் கேட்கிற அளவுக்குச் சிரித்திருக்கிறேன். பெனிடா கரண்டியோடு ஓடி வந்தாள். எத்தனை வேளை போடலாம் என்று என்னிடம் கேட்கிறீர்கள்! அந்த நாற்றத்துக்காக என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கினார்கள். இப்போது அதே நாற்றம் உங்கள் வீட்டில், அவள் கையில்.

உங்கள் ஷெரீப் அலுவலக நம்பர் என்னிடம் இருக்கிறது, ஜாமீன் சீட்டிலேயே அச்சடித்திருந்தது. போனைக் கையில் எடுத்தேன். "அந்த வீட்ல ஒரு டப்பி இருக்கு, குழந்தையும் இருக்கு" என்று சொன்னால் போதும். அக்காவும் இவ்வளவுதான் சொல்லியிருப்பார். காலையில் கதவைத் தட்டும்போது அவர் முகம் எப்படி இருக்கும், திரைத் துணியைப் பிடித்துக்கொண்டு எப்படிக் கத்துவார் என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். எனக்கு அது இனித்தது, அண்ணா. பொய் சொல்ல மாட்டேன். ஒரு வாரம் அதை நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

பிறகு டெஸ்ஸா எங்கே இருப்பாள் என்று யோசித்தேன். மாடிப்படியில் நிற்பாள். யாராவது ஒரு பெண் மென்மையாக வந்து அவள் விரல்களைக் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிப்பாள். என்னிடம் கொண்டுவந்து தர மாட்டார்கள், நான் மருந்து எடுக்கிறவள். மூன்றாவதாக ஒரு வீட்டில், பெயர் தெரியாதவர்களிடம் விடுவார்கள். அங்கே கோழி இருக்காது. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆகவே நான் சொல்வதை அப்படியே செய்யுங்கள். இரண்டு வேளை போதும். டப்பியை வீட்டில் வைக்காதீர்கள், கொட்டகையில் கிரீஸ் டப்பாக்களோடு வையுங்கள். மேலே இருக்கிற தாளைக் கிழித்துவிடுங்கள். காரில் எடுத்துக்கொண்டு போகவே போகாதீர்கள், அதிலும் அவள் உட்கார்ந்திருக்கும்போது. ராய்ஸ் வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகக் கூடாது. குதிரைக் கதையை விட்டுவிடுங்கள், குதிரை இல்லாத வீட்டில் அது நிற்காது. கன்றுக்குப் போடுவது என்று சொல்லுங்கள். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிடங்கிலேயே எரித்துவிடுங்கள்.

முக்கியமானது பள்ளிக்கூடம். எந்த டீச்சருக்காவது மூக்கில் பட்டால் அவ்வளவுதான். காலையில் அவளை எழுப்பியதும் நீங்களே நின்று சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள், மணிக்கட்டு வரைக்கும், நகத்துக்கு அடியிலும். கன்னத்தையும் துடைத்துவிடுங்கள், தலையணை உறையை அடிக்கடி மாற்றுங்கள்.

ராத்திரி மட்டும் கழுவச் சொல்லாதீர்கள், அண்ணா.

கொரீன்